வீட்டுக்கு எந்த வர்ணம்?

பதுளையிலிருந்து பண்டாரவளைக்குச் செல்லும் பாதையோரத்தில் எம் நண்பரொருவர் சென்ற ஆண்டு ஒரு பழைய வீட்டை வாங்கினார். ஒரு காலத்தில் தோட்டத்து உத்தியோகத்தர் குடியிருந்த பங்களா அது. செங்குத்தான கூரை, நெடிய புகைபோக்கி, முகப்புச் சுவரில் குறுக்கும் நெடுக்குமாகப் பதித்த மரச் சட்டங்கள். ஆங்கிலேயர் ‘டியூடர்’ பாணி என வழங்கும் அமைப்பு. நுவரெலியாவில் கிராண்ட் ஹோட்டலைக் கண்டவர்களுக்கு மேலும் விளக்கம் வேண்டியதில்லை.

“சட்டத்துக்குக் கறுப்பு, சுவருக்கு வெள்ளை. இதுதானே முறை?” என்று கேட்டார் நண்பர். சரித்திரம் போதிப்பவர் என்ற ஒரே காரணத்தால் எம்மிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று ஊரார் எண்ணுகின்றனர்.

டியூடர் வம்சத்தார் இங்கிலாந்தை ஆண்டது 1485 முதல் 1603 வரை. அக்காலத்தில் ஓக் மரச் சட்டங்களை நிறுத்தி, இடைவெளிகளில் வரிச்சு கட்டி, களிமண்ணும் சாணமும் வைக்கோலும் குழைத்து அப்பி வீடு கட்டினர். நம் பாட்டனார் வீட்டுச் சுவரும் அப்படித்தானே! சட்டங்களைக் கரிய நிறமாக்கி, இடையே தூய வெள்ளை தீட்டும் வழக்கம் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் மோகம். செஸ்டர் நகரத்துக் கறுப்பு வெள்ளைக் கட்டடங்களிற் பல விக்டோரியா ராணி காலத்தவை. அதற்கு முன் பல இடங்களில் மரத்தை அப்படியே விட்டனர். அது வெயிலிலும் மழையிலும் காய்ந்து வெள்ளி நரை கொண்டது. சுவருக்குச் சுண்ணாம்பில் காவி மண் கலந்து பூசினர். சஃபக் பகுதியின் பழைய ஊர்களில் இன்றும் மஞ்சள் வீடும் இளஞ்சிவப்பு வீடும் அடுத்தடுத்து நிற்கின்றன.

இதைச் சொன்னதும் நண்பரின் முகம் சுருங்கிவிட்டது. சரி, கண்ணாற் காணட்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை ஹப்புத்தளைக்கு அழைத்துச் சென்றோம். அங்கே சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய ‘அடிஷாம்’ மாளிகை இருக்கிறது. தம் தந்தையார் குருவாயிருந்த கெண்ட் பிரதேசத்துக் கிராமத்தின் பெயரையே அவர் அதற்குச் சூட்டினார். 1960களின் தொடக்கத்திலிருந்து பெனடிக்டைன் துறவிகளின் மடமாக விளங்குகிறது. கருங்கற் சுவரில் வர்ணத்துக்கு வேலையே இல்லை. மூடுபனி இறங்கியபொழுது கல்லின் சாம்பல் நிறம் இன்னும் ஆழ்ந்து தெரிந்தது. துறவிகள் விற்கும் ஜாம் இரண்டு போத்தல் வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

ஆனால் நண்பர் வீடு கல்வீடு அன்று. அங்கே வர்ணமே பாதி அழகு. ஆகவே சில சொன்னோம். முதலில் கூரையைப் பார்க்க வேண்டும். தகரத்துக்குச் செங்காவி பூசியிருந்தால் சுவர் அதனோடு இசைய வேண்டும். பளீரென்ற வெள்ளை ஊவாச் செம்மண்ணுக்கு ஆகாது. ஒரே மழையில் முழங்கால் உயரத்துக்குச் சேறு தெறித்துவிடும். பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவரில் இக்காலத்துப் பிளாஸ்டிக் வர்ணத்தைப் பூசினால் உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றிக் கொப்புளித்து உரியும். சுண்ணாம்புப் பூச்சோ சுவரை மூச்சுவிட விடும். எந்த நிறமானாலும் சுவரில் இரண்டடிச் சதுரத்துக்குப் பூசி, காலை வெயிலிலும் மாலைப் பனியிலும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

அவ்வாறே வெள்ளைச் சதுரம் ஒன்றும் மஞ்சட் காவிச் சதுரம் ஒன்றும் பூசினோம். நண்பரின் தாயார் தேநீர்க் கோப்பையுடன் வெளியே வந்தார். லயத்திற் பிறந்தவர், கொழுந்துக் கூடையுடன் இதே பங்களாவின் வேலியோரமாக முப்பது ஆண்டுகள் நடந்தவர்.

“வெள்ளை வேணாம் தம்பி,” என்றார் எம்மிடம். “பெரிய துரையும் டாக்டரும் பார்க்க வர்றாங்கன்னா லயத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பாங்க. வெளியே மட்டுந்தான். உள்ளே அடுப்புப் புகைக் கறுப்பு அப்படியே கிடக்கும். கறுப்பையும் வெள்ளையையும் பார்த்தே எங்க காலம் போயிருச்சு.”

மகனுக்கு வெள்ளை என்றால் துரை வீடு. தாய்க்கு அதே வெள்ளை லயம். நாம் ஒருகணம் வாயடைத்து நின்றோம். இந்திய உதவியுடன் மலையகத்தில் முதலில் 4,000 தனி வீடுகள் கட்டப்பட்டன. 2017இல் மேலும் 10,000 அறிவிக்கப்பட்டன. வரைபடங்களைப் பற்றியும் காணி உறுதிகளைப் பற்றியும் எவ்வளவோ பேசிய நாம், சுவரின் நிறத்தைப் பற்றி அங்கு வாழப்போகிறவர்களிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

அம்மையார் விரல் நீட்டியது மஞ்சட் காவியை. டியூடர் காலத்துக்கும் அதுவே நெருக்கம் என்று நண்பருக்கு எடுத்துச் சொன்னோம். அரை மனதோடு தலையசைத்தார். சட்டங்களில் ஏறியிருந்த பழைய கறுப்பைச் சுரண்டி, எண்ணெய் தேய்த்து மரத்தின் நிறத்திலேயே விடுவதென்று தீர்மானமாயிற்று. பொங்கலுக்கு முன் முடித்துவிட நண்பருக்கு ஆசை. ஆனால் மார்கழி மழையிற் சுண்ணாம்பு காயாது என்று பெயின்ட்காரர் மாசிக்குத் தள்ளிவைத்தார். போகும்போது அவர் கேட்டார்: “முன்சுவருக்கு மட்டுமா இந்த மஞ்சள்?”

“குசினிக்குள்ளேயும் அதேதான்,” என்றார் அம்மையார். “முதல்ல அங்க அடிங்க.”