கரை தெரியாத ஒரு நாள்

சொகுசுக் கப்பல்களின் பயணத் திட்டத்தில் 'கடல் நாள்' என்று ஒன்று உண்டு. அன்று கப்பல் எந்தத் துறைமுகத்தையும் தொடாது. இறங்குவதற்கு ஊர் இல்லை, பார்ப்பதற்குக் கோயில் இல்லை, சாமான் வாங்கக் கடைத்தெருவும் இல்லை. விடிந்தால் நீர், அடைந்தால் நீர். மேலைநாட்டார் பல்லாண்டுகளாகப் பழகிய இந்த அனுபவம், 2022 ஜூன் 4 அன்று 'எம்ப்ரஸ்' என்னும் கப்பல் முதலமைச்சர் கொடியசைக்கச் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டபோது நமக்கும் வாய்த்தது. 1990-ல் பிரான்சில் கட்டப்பட்டு, வேறு பெயர்களில் வேறு கடல்களில் உழைத்து, பின் இந்தியப் பயணிகளுக்காக வந்து சேர்ந்த கப்பல் அது. மறு ஆண்டே அது இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளையும் தொட்டது.

இதைப் பற்றி இலக்கிய வட்டாரங்களில் எழும் முதற்குரல் பெரும்பாலும் எள்ளலாகவே இருக்கிறது. 'காசுள்ளவன் கூத்து' என்று ஒற்றை வரியில் தள்ளிவிடுகிறோம். அந்த எள்ளலில் நமக்கு உடன்பாடில்லை. ஓய்வைப் பழிப்பது நம்மிடையே ஊறிப்போன ஒரு கெட்ட பழக்கம். வேலையற்று இருப்பவனைச் சோம்பேறி என்றும், யாத்திரை போகிறவனைப் புண்ணியவான் என்றும் பிரித்துவைத்திருக்கிறோம். புண்ணியமோ வருமானமோ இல்லாமல், வெறுமனே ஒரு நாள் நீரைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு நம் வாழ்க்கையில் இடமே இல்லை.

அப்படி வெறுமனே இருந்த ஒரு நாள் எதைத் தரும் என்பதற்கு நம்மவர் ஒருவரே சான்று. 1937 அக்டோபர் 2 அன்று ஏ.கே. செட்டியார் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் சென்றுகொண்டிருந்தார். அன்று காந்தியடிகளின் பிறந்தநாள். சுற்றிலும் அட்லாண்டிக் பெருங்கடல், செய்வதற்கு ஒன்றுமில்லை. அந்தக் கப்பலில்தான் காந்தியின் வாழ்க்கையை ஆவணப்படமாக்கும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. பிறகு பல நாடுகளில் அலைந்து படச்சுருள்களைத் தேடித் திரட்டி, 1940-ல் அந்தப் படத்தை வெளியிட்டார். தந்தியும் தபாலும் வந்து கதவைத் தட்டும் ஊரில் இருந்திருந்தால் அந்த எண்ணம் எழுந்திருக்குமா என்று கேட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. கடல் நாளின் உண்மையான கொடை இதுதான்: அது நம்மை நம்மிடமே விட்டுவைக்கிறது.

ஆனால் இன்றைய பெருங்கப்பல் அப்படி விட்டுவைக்கிறதா என்பதே கேள்வி. காலையில் அறைக்கே வந்துவிடும் நிகழ்ச்சிநிரலைப் பாருங்கள். நீச்சல்குளம், வினாடிவினா, நடனப் பயிற்சி, மாலைக் கச்சேரி, இடையிடையே மேலும் மேலும் உணவு. 2024 ஜனவரியில் பயணம் தொடங்கிய 'ஐகான் ஆஃப் தி சீஸ்' 365 மீட்டர் நீளம், இருபது தளங்கள் கொண்டது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளை ஏற்கக்கூடியது. உள்ளே பூங்கா உண்டு, நீர்ச்சறுக்கு உண்டு. கடலின் நடுவே கடலை மறக்கச் செய்யும் ஊர் அது. இதில் வணிகக் கணக்கும் இருக்கிறது. துறைமுகத்தில் நிற்கும் நாளில் பயணி இறங்கிவிடுவார். கப்பலின் வரியில்லாக் கடைகளும் சூதாட்டக் கூடமும் பெரும்பாலும் மூடியிருக்கும். கடல் நாளில்தான் அவை திறக்கும். பயணிக்கு ஓய்வு நாள். கப்பலுக்கு அது சந்தை நாள். 2022 ஜூனில் புதுச்சேரி அதே எம்ப்ரஸ் கப்பலை அனுமதிக்க மறுத்ததற்கு அந்தச் சூதாட்டக் கூடமே காரணமாகப் பேசப்பட்டது.

இதையெல்லாம் தேவிபட்டினத்துக் கரையில் நின்று யோசித்தால் வேறொரு கோணம் கிடைக்கிறது. ராமநாதபுரத்துக்கு வடகிழக்கே பதினைந்து கிலோமீட்டர் அளவில் இருக்கும் இவ்வூரில் நவபாஷாணம் என்னும் ஒன்பது கற்கள் கடலுக்குள் நிற்கின்றன. இலங்கைக்குச் செல்லுமுன் இராமபிரான் நிறுவியவை என்பது ஊரார் நம்பிக்கை. அவர் பூசை செய்கையில் இடையூறாக இருந்த அலையை அடக்கிவைத்த பெருமாளுக்குக் 'கடலடைத்த பெருமாள்' என்றே பெயர். ஆடி, தை அமாவாசைகளில் வரும் கூட்டம் நீருக்குள் அமைந்த அக்கற்களைச் சுற்றிவந்து வணங்குகிறது. முன்னோருக்குக் கடன் தீர்க்கிறது. கடலுக்குள் மனிதர் இவ்வளவு அஞ்சாமல் நடக்கக்கூடிய இடங்கள் நம் கரையில் மிகக் குறைவு.

இதற்கு இயற்கையே காரணம். பாக் விரிகுடாவின் பெரும்பகுதி ஆழம் குறைந்தது. ராமேசுவரத்து மீனவர் இதைப் பெண் கடல் என்பர். தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்பர். ஒன்பது மீட்டருக்கு மேல் நீருக்குள் அமிழும் ஐகான் போன்ற கப்பலுக்கு இந்தப் பெண் கடல் ஒருநாளும் இடம் தராது. கால்வாய் வெட்டிப் பெருங்கப்பல்களைக் கொண்டுவரும் சேது சமுத்திரத் திட்டம் 2005 ஜூலை 2 அன்று மதுரையில் தொடங்கிவைக்கப்பட்டு, 2007-ல் நீதிமன்றத் தடையால் நின்றது. இன்றும் பெருங்கப்பல்கள் இலங்கையைச் சுற்றித்தான் போகின்றன. ஆகவே தேவிபட்டினத்தாருக்குச் சொகுசுக் கப்பல் என்பது செய்தித்தாள் படம் மட்டுமே.

ஆனால் இக்கரை கப்பல் பயணம் அறியாத கரையன்று. 1914-ல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை இரயில், அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல், மீண்டும் கொழும்புக்கு இரயில் என்று 'போட் மெயில்' ஓடியது. அதில் வணிகர் போனார்கள், மாணவர் போனார்கள். அவர்களைக் காட்டிலும் மிகுதியாகத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலிகளாகச் சென்றவர்கள் போனார்கள். மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டு, நோய்ச் சோதனைக்கு உட்பட்டு, பிறகே அவர்கள் கப்பலேறினார்கள். 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் ராமேசுவரத்திலிருந்து கப்பல் ஓடியது. அதே 1964-ல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, தலைமுறைகளாக அங்கு வாழ்ந்தவர்கள் அதே வழியில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1980-களில் போர் மூண்டபோது அந்தச் சேவையும் நின்றது. அகதிகள் மீன்பிடிப் படகுகளில் வந்தார்கள். அவர்களுக்கும் அந்த மண்டபம் முகாமே அடைக்கலமாயிற்று.

இத்தனை பயணங்களிலும் ஓய்வு என்னும் சொல்லுக்கு இடமிருந்ததா? நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் 'ரஜுலா'வின் மேல்தளத்தில் படுத்துச் சென்றவர்களுக்கும் கடல் நாள்கள் இருந்தன. ஆனால் அவை வாந்தியும் கவலையும் கடன் கணக்கும் கலந்த நாள்கள். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' நம் மொழியின் தலைசிறந்த கடல் பக்கங்களைக் கொண்டது என்றால், அதிலும் கடல் உயிர்ப்போராட்டத்தின் களமாகவே வருகிறது. தமிழர் கடலை மிகுதியும் கடந்திருக்கிறார்கள்; அதன்மேல் அமர்ந்து இளைப்பாறியவர் சிலரே. இளைப்பாறும் வாய்ப்பு இப்போது வந்திருப்பதை வரவேற்கவே வேண்டும். ஆனால் அது யாருக்கு வந்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு எண்ணைக் கவனிக்கலாம்: 12 கடல் மைல். கரையிலிருந்து அவ்வளவு தூரம் தாண்டினால் நாட்டின் ஆட்சிக்கடல் முடிகிறது. கப்பலின் சூதாட்டக் கூடம் அதன்பின் திறக்கிறது. பன்னாட்டு விதிகளின்படி, கப்பல் அதே 12 கடல் மைலுக்கு அப்பால் ஓடிக்கொண்டே சுத்திகரிக்காத கழிவுநீரையும் கடலில் விடலாம் (புதிய கப்பல்கள் பல சுத்திகரித்தே விடுகின்றன என்பதையும் சொல்லவேண்டும்). ராமேசுவரத்தில் புறப்படும் விசைப்படகோ ஏறக்குறைய அதே தூரத்தில் 1974-ல் வரையப்பட்ட எல்லைக்கோட்டை எட்டிவிடுகிறது. அதைத் தாண்டினால் கைது, படகு பறிமுதல், சிறை. இழுவை வலை அக்கரைத் தமிழ் மீனவரின் கடலைச் சுரண்டுகிறது என்ற குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆயினும் ஒரே தூரம் ஒருவருக்குக் களியாட்டத்தின் வாசலாகவும் இன்னொருவருக்குச் சிறையின் வாசலாகவும் இருப்பதை உணராமல், கடல் எல்லோருக்கும் பொது என்று பேசிவிட முடியாது.

ஆகவே நாம் கேட்பது சொகுசுக் கப்பலை நிறுத்துமாறு அன்று. கப்பல் சுற்றுலா பற்றிய அறிவிப்புகளில் முதலிடம் சாதாரணப் பயணிக் கப்பலுக்குத் தரப்படவேண்டும் என்பதே. நாகப்பட்டினம்–காங்கேசன்துறைப் படகுச் சேவை 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கி, சில நாள்களிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்னும் கப்பலுடன் மீண்டும் தொடங்கியது. ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணம் அது. அதில் போகிறவர்களுக்கு அக்கரையில் உறவு உண்டு, கோயில் உண்டு, விட்டுவந்த வீடு உண்டு. பெண் கடல் பெருங்கப்பலுக்குத்தான் இடம் தராது; அடிமட்டம் குறைந்த சிறு கப்பல்களுக்கு அது என்றும் வழிவிட்டே வந்திருக்கிறது. ராமேசுவரம்–தலைமன்னார் வழி மீண்டும் திறப்பதற்கு இக்கடலை ஆழப்படுத்த வேண்டியதில்லை; கடற்தாழை மேயும் கடற்பசுவை விரட்டவும் வேண்டியதில்லை. நட்டம் வருமே என்பார்கள். வரலாம். மலைக்கிராமத்துக்கு ஓடும் பேருந்துக்கும் நட்டம்தான். அதை நாம் நிறுத்திவிடவில்லை.

பெருங்கப்பலில் போகும் வாய்ப்புள்ள நண்பர்களுக்கும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கடல் நாளன்று நிகழ்ச்சிநிரலை மடித்து வைத்துவிடுங்கள். விடியுமுன் எழுந்து, பாட்டுச் சத்தம் எட்டாத ஒரு மூலையில் நாற்காலி போட்டு அமருங்கள். நீரின் நிறம் மாறுவதையும் காற்று திரும்புவதையும் பாருங்கள். வாடை எது, கச்சான் எது என்று கேட்டறிந்து போனால் இன்னும் நல்லது. அந்த நீரின்மேல் கூலியாகவும் அகதியாகவும் சென்றவர்களை ஒருகணம் நினைத்துக்கொள்ளுங்கள். தேவிபட்டினத்தில் நீருக்குள் நின்று முன்னோருக்கு எள்ளும் நீரும் இறைப்பவர்கள் செய்வதும் ஏறத்தாழ அதுவே. அவர்களுக்குக் கப்பல் தேவைப்படவில்லை. இடுப்பளவு தண்ணீரே போதுமாயிருக்கிறது.