தூய தொழில்கள் வரட்டும்; உழவரும் பங்காளியாகட்டும்

சூரிய மின்சாரம், எத்தனால், ஆலைக் கழிவிலிருந்து எரிவாயு ஆகியவற்றைப் பற்றிக் கடலூர் மாவட்ட விவசாயிகள் இப்போது அடிக்கடி கேள்விப்படுகிறார்கள். காற்றையும் நீரையும் கெடுக்காத இத்தகைய தொழில்களை ஒரே வட்டாரத்தில் அருகருகே அமைப்பதையே தூய்மைத் தொழில் குழுமம் என்கிறார்கள். நெல்லிக்குப்பம் வட்டாரம் இதற்கு மிகவும் ஏற்ற இடமாகும். ஆனால் அதில் ஓரிரு ஏக்கர் வைத்திருக்கும் உழவருக்கு என்ன இடம் என்பதைத் தொழில் வருவதற்கு முன்பே தீர்மானித்துக்கொள்வது அவசியம்.

குழுமத்தால் என்ன பயன்?

தனியாக நிற்கும் தொழிற்சாலைக்கு எல்லாமே வெளியூரிலிருந்து வரவேண்டும். பல தொழில்கள் சேர்ந்திருந்தால் உதிரி பாகம், பழுது பார்ப்பவர், பயிற்சி பெற்ற ஆள், வாங்குபவர் எல்லாம் பக்கத்திலேயே கிடைப்பார்கள். கோவையின் பம்புசெட் தொழில் இதற்குச் சான்று. அங்கே கிணறுகள் ஆழமானவை. இறைப்புக்குப் பம்பு தேவைப்பட்டது. 1930-களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் வந்தது. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்து காட்டினர். பிறகு வார்ப்படப் பட்டறைகளும் லேத் பட்டறைகளும் பெருகின. விவசாயியின் தேவையே அந்தத் தொழிலுக்கு விதையாயிற்று.

டென்மார்க் நாட்டில் காலுண்ட்போர்க் என்ற சிறு துறைமுக நகரம் உள்ளது. அங்கே அனல்மின் நிலையத்தின் நீராவி பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குச் சென்றது. மருந்தும் நொதிப்பொருளும் செய்யும் ஆலையின் கழிவு, 1970-களிலிருந்து சுற்றுவட்டார விவசாயிகளின் வயல்களுக்கு உரமாகச் சென்றது. ஓர் ஆலையின் கழிவு மற்றொருவருக்கு மூலப்பொருளாக மாறிய அந்த ஊரை உலகமே இன்று பாடமாகப் படிக்கிறது.

நெல்லிக்குப்பத்தில் இருப்பவை

நெல்லிக்குப்பம் பாரி சர்க்கரை ஆலையின் வரலாறு 1842-இல் தொடங்குகிறது. நூறு டன் கரும்பை அரைத்தால் ஏறத்தாழ 30 டன் சக்கையும், 3 முதல் 4 டன் பிரஸ்மட் என்னும் ஆலைக் கழிவும், 4 முதல் 5 டன் மொலாசஸ் என்னும் கழிவுப்பாகும் கிடைக்கும். சக்கையை எரித்து மின்சாரமும், கழிவுப்பாகிலிருந்து எத்தனாலும் எடுக்கப்படுகின்றன. நாட்டில் பெட்ரோலுடன் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் நிலை 2025-இல் எட்டப்பட்டது.

அடுத்துள்ள பண்ருட்டியில் முந்திரி உடைக்கும் தொழில் பெருகியுள்ளது. முந்திரி ஓட்டிலிருந்து எண்ணெய் எடுக்கலாம். எடுத்தபின் மிஞ்சும் ஓடும் எரிபொருளாகும். நெய்வேலி அனல்மின் நிலையங்களின் சாம்பலிலிருந்து செங்கல் செய்யலாம். வயலின் மேல்மண்ணைச் சுரண்டிச் செங்கல் அறுப்பதைக் குறைக்கவே, சாம்பலைப் பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு 1999-இல் அறிவிக்கை வெளியிட்டது. வெயிலுக்கோ இம்மாவட்டத்தில் பஞ்சமே இல்லை. ஆக, குழுமத்துக்கு வேண்டிய பொருள்கள் ஏற்கெனவே இங்கு உள்ளன. அவற்றை இணைக்கும் ஏற்பாடே தேவை.

நெய்வேலி தரும் பாடம்

நெய்வேலி நிலக்கரியின் கதையே ஒரு நிலத்தில் தொடங்கியதுதான். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் துளையிட்டபோது கரிய பொருள் வெளிவந்தது. 1956-இல் நிறுவனம் அமைந்தது. 1962-இல் மின் உற்பத்தி தொடங்கியது. நாட்டுக்கு வெளிச்சம் கிடைத்தது. ஆனால் நிலம் கொடுத்த குடும்பங்கள் பல, வேலைக்காகவும் இழப்பீட்டுக்காகவும் நெடுங்காலம் போராட வேண்டியதாயிற்று. 2023 ஜூலையில் வளையமாதேவியில் வாய்க்கால் வெட்டுவதற்காக, பயிர் நின்ற நெல் வயல்களில் இயந்திரங்கள் இறங்கியதை மாவட்டம் மறக்கவில்லை.

முதல் அனல்மின் நிலையம் 2020-இல் மூடப்பட்டது. அதே நிறுவனம் இன்று சூரிய மின் உற்பத்தியிலும் இறங்கியுள்ளது. எரிபொருள் மாறுகிறது. உழவரின் நிலையும் மாறுமா என்பதே கேள்வி. நிலத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பவராகவே அவர் இருந்தால், தொழில் தூய்மையானதாக இருந்தும் அவருக்குப் பயனில்லை.

"முதல் போட நமக்கு ஏது வசதி? நிறுவனங்கள் வரட்டும், குத்தகைப் பணம் கிடைத்தால் போதும்" என்று சிலர் கருதலாம். இதில் ஓரளவு உண்மை உண்டு. பிரஸ்மட்டிலிருந்து நாளொன்றுக்கு ஒரு டன் எரிவாயு எடுக்கச் சுமார் 25 டன் பிரஸ்மட் வேண்டும். அதற்கு நாள்தோறும் எழுநூறு டன் அளவில் கரும்பு அரைக்கப்பட வேண்டும். அரவைப் பருவம் முடிந்தால் வரத்தும் நின்றுவிடும். இத்தகைய ஆலையைச் சிறு விவசாயிகள் தனித்து நடத்த இயலாது. ஆனால் அந்த ஆலையைச் சுற்றி அமையும் பல சிறு தொழில்களை அவர்கள் நடத்த இயலும்.

விவசாயிகள் செய்யக்கூடியவை

1. உற்பத்தியாளர் நிறுவனம்: 2002-இல் கம்பெனிச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பத்து விவசாயிகள் சேர்ந்தாலே உற்பத்தியாளர் நிறுவனம் அமைக்கலாம். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்குதான். எனவே பணம் உள்ளவர் மட்டும் ஆட்டி வைக்க முடியாது. ஆலைகளோடு ஒப்பந்தம் பேசத் தனி ஆளைவிட இந்த அமைப்பே தகுந்தது.

2. கழிவு சேகரிப்பு: வைக்கோல், சாணம், முந்திரி ஓடு ஆகியவற்றைச் சேர்த்து எடை போட்டு வழங்கும் பணியை இந்நிறுவனம் ஏற்கலாம். எரிவாயு எடுத்தபின் மிஞ்சும் மக்கிய எருவை உறுப்பினர்களுக்குத் திருப்பித் தர வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

3. பழுது பார்க்கும் மையம்: மத்திய அரசின் குசும் திட்டம் 2019-இல் தொடங்கிய பிறகு சூரிய பம்புசெட்டுகள் பெருகி வருகின்றன. பம்பு நின்றால் ஆள் வர இரண்டு வாரம் ஆகுமானால் பயிர் தாங்காது. தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்த உள்ளூர் இளைஞர்களுக்கு இது நல்ல வேலை. பல சிறு தொழில்கள் சேர்ந்து கேட்டால், சிறுதொழில் குழும வளர்ச்சித் திட்டத்தின் கீழ்ப் பொது வசதி மையம் அமைக்க மத்திய அரசின் மானியமும் உண்டு.

4. ஒட்டுண்ணி அட்டை: கரும்பின் இடைக்கணுப் புழுவைக் கட்டுப்படுத்த டிரைக்கோகிரம்மா முட்டை ஒட்டுண்ணியை ஏக்கருக்கு ஒரு சி.சி. வீதம், நான்காம் மாதம் முதல் 15 நாள் இடைவெளியில் ஆறு முறை விடப் பரிந்துரைக்கப்படுகிறது. இந்த அட்டைகளை மகளிர் குழுக்கள் தயாரித்து விற்கலாம். பூச்சிமருந்தைக் குறைப்பதும் தூய்மைத் தொழில்தான்.

கவனிக்க வேண்டியவை

விலை கிடைக்கிறதே என்று தோகை முழுவதையும் வயலிலிருந்து அள்ளிக் கொடுத்துவிடக் கூடாது. தோகை பரப்பிய கரும்பு வயலில் ஈரம் நிற்கும், களை குறையும், மண்ணும் வளம் பெறும். மண்ணுக்கு உரியதை மண்ணுக்கு விட்ட பிறகே மீதியை விற்க வேண்டும்.

ஒரு மெகாவாட் சூரிய மின் நிலையத்துக்கு நான்கு முதல் ஐந்து ஏக்கர் நிலம் தேவை. நஞ்சை நிலத்தை இதற்குக் கொடுப்பது நல்லதன்று. கட்டடக் கூரைகள், விளைச்சலற்ற தரிசு, நிலக்கரி எடுத்து முடிந்த சுரங்க நிலம் ஆகியவற்றுக்கே முதலிடம் தர வேண்டும். தரிசைக் குத்தகைக்கு விடுவோரும் ஆண்டுதோறும் குத்தகை உயர்வு, காலம் முடிந்ததும் நிலத்தைச் சீராக்கித் திருப்பித் தரும் பொறுப்பு ஆகியவற்றை எழுத்தில் பெற வேண்டும். வாய்ப்பேச்சை நம்பிக் கையெழுத்துப் போடக் கூடாது.

அரசும் ஆலைகளும் குழுமத்துக்குத் திட்டம் தீட்டும்போது உழவர் நிறுவனத்துக்கு நிர்வாகக் குழுவில் இடமும் பங்குத் தொகையில் ஒரு பகுதியும் ஒதுக்க வேண்டும். கழிவுக்கு விலை, நிலத்துக்கு முறையான குத்தகை, படித்த பிள்ளைக்கு வேலை ஆகிய மூன்றும் தொடக்கத்திலேயே உறுதியாக வேண்டும்.

நெய்வேலியில் நிலத்தைக் கொடுத்த பிறகு உரிமை கேட்க நேர்ந்தது. நெல்லிக்குப்பத்தில் முன்பே கேட்கும் வாய்ப்பு இருக்கிறது. அதற்கு ஊர்தோறும் பத்துப் பேர் கூடி இப்போதே பேசத் தொடங்குவது நலம்.