மரவள்ளி எடை தரும்... தசை தருமா? ஒல்லியாக இருப்பவர்களுக்கு ஒரு கல்வராயன் மலைக் கணக்கு!

"என்னப்பா, வீட்ல சோறு போடறாங்களா, இல்லையா?" கல்யாண வீடானாலும் கோயில் திருவிழாவானாலும், ஒல்லியாக இருப்பவர்களை விடாமல் துரத்தும் கேள்வி இது. பள்ளியில் 'ஓமக்குச்சி' என்ற பட்டம் வேறு. கேலி பொறுக்காமல், 'ஒரே மாதத்தில் 10 கிலோ' என்று விற்கும் பவுடரை வாங்கிவிடுபவர்களும் உண்டு. வாங்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். எடை கூடுவது வேறு, தசை கூடுவது வேறு.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலையில் விளையும் இரண்டு பயிர்களை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம். அங்கு வாழும் 'மலையாளி' பழங்குடி மக்கள் (கேரளத்தவர் அல்ல) தலைமுறைகளாகச் சாமை விதைத்துச் சாப்பிட்டவர்கள். இன்று மரவள்ளியும் அங்கே முக்கியப் பணப்பயிர். அந்தக் கிழங்கு ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது.

100 கிராம் மரவள்ளிக்கிழங்கில் சுமார் 160 கலோரி கிடைக்கும். புரதமோ ஒன்றரை கிராம்கூடத் தேறாது. அதே அளவு கலோரிக்குச் சாமையைச் சாப்பிட்டால், இரண்டரை மடங்குக்கு மேல் புரதம் கிடைக்கும். கிழங்கும் ஜவ்வரிசியும் எடையை ஏற்றும். தசைக்கான புரதம் அவற்றில் இல்லை. அதற்காகக் கிழங்கை ஒதுக்க வேண்டாம். தோல் நீக்கி, நன்றாக வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட்டு, மீன் குழம்போ நிலக்கடலைச் சட்னியோ சேர்த்துச் சாப்பிடுங்கள்.

எவ்வளவு வேகம் சரி?

வாரத்துக்கு கால் கிலோ முதல் அரை கிலோ. அதாவது மாதத்துக்கு 1 முதல் 2 கிலோ. இதற்கு வழக்கமான சாப்பாட்டுடன் தினமும் 300 முதல் 500 கலோரி கூடுதலாகச் சேர்த்தால் போதும். இதைவிட வேகமாக ஏறினால், பெரும்பாலும் அது கொழுப்பாகவோ உடலில் தேங்கும் நீராகவோதான் இருக்கும். கரும்பு வெட்டுபவர்கள், தினமும் மலையேறி இறங்குபவர்களுக்குச் செலவாகும் கலோரி அதிகம் என்பதால், அவர்கள் இன்னும் சற்றுக் கூடுதலாகச் சாப்பிட வேண்டும்.

தட்டில் என்ன இருக்க வேண்டும்?

சாதாரணமாக உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்கிறது ஐ.சி.எம்.ஆர். தசைக்காகப் பயிற்சி செய்பவர்களுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை தேவைப்படும். 50 கிலோ எடையுள்ளவருக்குக் குறைந்தது 60 கிராம். இதற்குப் பவுடர் தேவையில்லை:

காலை: பாசிப்பருப்பு சேர்த்த சாமைப் பொங்கல், 2 முட்டை
11 மணி: ஒரு கைப்பிடி நிலக்கடலை அல்லது 2 எள்ளுருண்டை
மதியம்: சோறு, கெட்டியான பருப்புக் குழம்பு, கீரை, தயிர்
மாலை: ஒரு கிண்ணம் கொண்டைக்கடலை அல்லது மொச்சைச் சுண்டல்
இரவு: இட்லி அல்லது தோசை, சாம்பார், படுக்கும் முன் ஒரு டம்ளர் பால்

முட்டை சாப்பிடாதவர்கள் பால், தயிர், பருப்பைக் கூட்டிக்கொள்ளலாம். சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

'இளைத்தவனுக்கு எள்ளு' என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. எள்ளில் பாதி கொழுப்பு, ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குப் புரதம். கொஞ்சமாகச் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுபவர்களுக்கு ஏற்றது.

உடற்பயிற்சி இல்லாமல் நடக்காது

சாப்பிட்டதைத் தசையாக்குவது உழைக்கும் உடல்தான். ஜிம் இல்லாத ஊரிலும் தண்டால், பஸ்கி செய்யலாம். வாரம் மூன்று நாள், ஒவ்வொன்றும் 3 சுற்று. 12 முறை சுலபமாகிவிட்டால், முதுகுப் பையில் கொஞ்சம் எடை வைத்துக்கொண்டு செய்யுங்கள். சுமை படிப்படியாகக் கூடினால்தான் தசை வளரும். நடுவே ஒரு நாள் ஓய்வும், இரவில் 7 மணி நேரத் தூக்கமும் அவசியம்.

வயதானவர்களுக்கும் இது பொருந்தும். வயது ஏற ஏறத் தசை கரையும். நாற்காலியில் உட்கார்ந்து எழுவதை 10 முறை செய்வதுகூட நல்ல தொடக்கம்.

பவுடர், மாத்திரை... உஷார்!

2024-ல் கேரள மருத்துவர்கள் இந்தியாவில் விற்கும் 36 புரதப் பவுடர்களைப் பரிசோதித்தபோது, சுமார் 70 சதவிகிதத்தில் லேபிளில் சொன்ன புரத அளவு சரியாக இல்லை. மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கும் ஸ்டீராய்டு மாத்திரை இன்னும் ஆபத்து. முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு பலவீனமாகும். அதைப் பார்த்து 'சதை போட்டிருக்கு' என்று ஊர் சொல்லும். வளரும் பிள்ளைகளுக்கு எந்தப் பவுடரும் வேண்டாம். சத்துணவு முட்டையை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாலே நல்லது.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

நன்றாகச் சாப்பிட்டும் எடை ஏறவில்லையா? காரணமே இல்லாமல் ஆறு மாதத்தில் 50 கிலோ 47 ஆகிவிட்டதா? இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், தீராத தாகம், படபடப்பு இருக்கிறதா? சாப்பாட்டுப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, முதலில் பரிசோதனைக்குப் போங்கள். காசநோய், சர்க்கரை, தைராய்டு எதுவாகவும் இருக்கலாம். மலையில் இருப்பவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும், கீழே இருப்பவர்கள் சிறுவங்கூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகலாம். அரசு மருத்துவமனைகளில் சளிப் பரிசோதனை இலவசம். காசநோய் உறுதியானால், சிகிச்சை முடியும்வரை சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும்.

அந்த உணவுக்கு எவ்வளவு வலிமை தெரியுமா? ஜார்க்கண்டில் நடந்து, 2023-ல் வெளியான ஆய்வில், சிகிச்சையின் முதல் இரண்டு மாதத்தில் 5 சதவிகிதம் எடை கூடிய காசநோயாளிகளுக்கு இறப்பு அபாயம் 61 சதவிகிதம் குறைவாக இருந்தது. 40 கிலோ உள்ளவருக்கு அது வெறும் 2 கிலோ!

அடுத்த முறை யாராவது "சோறு போடறாங்களா?" என்று கேட்டால், கோபப்பட வேண்டாம். வாரம் ஒரு நாள், காலையில் வெறும் வயிற்றில், ஒரே எடை மெஷினில் ஏறி நின்று எடையைக் குறித்து வையுங்கள். கால் கிலோ ஏறியிருந்தாலே நீங்கள் சரியான வழியில்தான் போகிறீர்கள்.