தூங்குற காவல்காரனும் காவலூரும்

மக்களே, இது கொஞ்சம் ஆணி புடுங்குற பதிவு. ஆனாலும் தாண்டிப் போயிடாதீங்க, மேட்டர் எளிமையானதுதான்.

செல்போன் சிப்புக்குள்ள கேமரா, டிஸ்ப்ளே எல்லாம் பிராசசரைத் தொந்தரவு பண்ணாம நேரா மெமரிக்குப் போகும். அதுங்க கண்ட இடத்துல கை வைக்காம, முகவரியை மாத்திக் கொடுத்துக் காவல் காக்குறதுதான் ஐஓஎம்எம்யூ. யாரும் மெமரிக்குப் போகலைன்னா காவல்காரனுக்கு எதுக்குக் கரண்ட்? நிறுத்திடலாமே! லினக்ஸ்ல இதுக்கான ரன்டைம் பவர் மேனேஜ்மென்ட் 2009-லயே (2.6.32) வந்தாச்சு.

சிக்கல் என்னன்னா, தான் சும்மா இருக்கோமான்னு ஐஓஎம்எம்யூ டிரைவருக்குத் தானாத் தெரியாது. ஒரு தடவை மேப்பிங் போட்டதோட அதன் வேலை முடிஞ்சுது. டிஸ்ப்ளே அதை வச்சே நிமிஷக்கணக்கா படம் காட்டிட்டு இருக்கும். "ரொம்ப நேரமா யாரும் கூப்பிடலையே"ன்னு டைமரை நம்பி அணைச்சா, திரை அம்போ!

இதுக்குச் சரியான உதாரணம் நம்ம ஜவ்வாது மலைக் காவலூர். 1977 மார்ச் 10, யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போற நாள். அங்க இருந்த 1 மீட்டர் தொலைநோக்கியில, கிரகம் மறைக்காத நேரத்துலயே நட்சத்திரம் சில விநாடி மங்கினது பதிவாச்சு. முதல்ல புதுத் துணைக்கோள்னு நினைச்சாங்க. மத்த இடத்துப் பதிவுகளையும் சேர்த்துப் பார்த்தா, யுரேனஸோட வளையம்! அமெரிக்காவோட பறக்கும் ஆய்வகமும், கணிச்ச நேரத்தை முழுசா நம்பாம முன்கூட்டியே பதிவை ஆரம்பிச்சதாலதான் அதைப் பிடிச்சுது. "இப்ப ஒண்ணும் நடக்காது"ன்னு கடிகாரத்தைப் பார்த்து அணைச்சிருந்தா போச்சு.

அதுக்காக எப்பவும் ஆன்லயே வைங்கன்னு சொல்ல வரலை. அது பேட்டரியைத் தின்னுற சோம்பேறித்தனம். என் கட்சி இதுதான்: யார் யாரை நம்பி இருக்காங்கன்னு டிரைவர்ல எழுதி வைக்கணும். 2017-ல 4.10 கர்னல்ல வந்த டிவைஸ் லிங்க் அதைத்தான் செய்யுது. டிஸ்ப்ளே எழுந்துக்குறதுக்கு முன்னாடி ஐஓஎம்எம்யூ எழும். எல்லாரும் தூங்கினதுக்கு அப்புறம்தான் அது தூங்கும். கரண்ட் போனா ரெஜிஸ்டர்ல இருந்ததெல்லாம் அழிஞ்சிடும், அதனால எழும்போது திரும்ப எழுதணும். பழைய முகவரி மாற்றங்களை வச்சிருக்குற டிஎல்பியும் அப்பவே சுத்தமாகணும். அப்படின்னா, தூங்கும்போது ஒரு மேப்பிங்கை நீக்கினா, டிஎல்பியைத் துடைக்கிறதுக்காக அதை எழுப்பவே வேண்டாம். அதுவும் லாபம்தானே?

காவல்காரன் தூங்குறது தப்பில்லை. எழுப்ப வேண்டியது யாருன்னு சொல்லாம தூங்கவிடுறதுதான் தப்பு.

டிஸ்கி: "டைமரே போதும்"னு சொல்றவங்க பின்னூட்டத்துல சண்டைக்கு வரலாம் :-)