அரிய நோயும் அறியற்பாலதே

நாவின் அடிப்புறத்தில், மூச்சுவழியின் வாயிலில், இலை போன்று அமைந்துள்ளது குரல்வளை மூடி. உணவை விழுங்கும்போது அது மூச்சுவழியை மறைத்துக் காக்கிறது. அவ்வுறுப்பு அழற்சியுற்று வீங்குமாயின், காக்க வேண்டியதே வழியை அடைத்து, சில மணி நேரத்தில் உயிருக்கு இறுதி விளைவிக்கக்கூடும்.

குழந்தைகளிடம் இந்நோயைப் பெரும்பாலும் தோற்றுவித்தது ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயன்ஸா 'பி' என்னும் கிருமியாகும். அதனைத் தடுக்கும் மருந்தும் அடங்கிய பென்டாவேலன்ட் தடுப்பூசி, 2011 டிசம்பரில் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் அரசுத் திட்டத்தில் சேர்க்கப்பட்டு, பின்னர் நாடெங்கும் பரவியது. இத்தடுப்பூசி நன்கு பரவிய நாடுகளில் குழந்தைகளிடையே இந்நோய் மிக அருகிவிட்டது. எனினும் வேறு கிருமிகளால் வயது வந்தோரும் இதற்கு உள்ளாகின்றனர்.

இத்துணை அரிய நோயைப் பயிற்சி வகுப்புகளில் புகுத்துவானேன் என்று வினவுவோர் உளர். அவ்வாதம் பொருந்தாது. அடிக்கடி வரும் நோயைப் பணியாளர் கண்டு பழகியே அறிவர். அரிய நோயையோ முன்னரே கற்பித்தாலன்றி அறிய வழியில்லை. மேலும், இந்நோயில் நல்லெண்ணத்துடன் செய்யும் செயலே தீங்காய் முடியலாம். தொண்டை வலி என்றதும் வாயைத் திறக்கச் செய்து, கரண்டியால் நாவை அழுத்திப் பார்ப்பது பலரது வழக்கம். இங்கு அதனால் மூச்சு முற்றிலும் அடைபடக்கூடும். நோயாளியைப் படுக்க வைப்பதும் ஆபத்தே.

கடுங்காய்ச்சல், எச்சிலையும் விழுங்க இயலாமை, வாய்நீர் ஒழுகுதல், குரல் மழுங்குதல், முன்சாய்ந்து அமர்ந்து மூச்சுக்குத் திணறுதல் ஆகியவை ஒருங்கே தோன்றின், தொண்டையைச் சோதிக்கலாகாது. உண்ணவோ பருகவோ எதுவும் கொடாமல், குழந்தையை அழவிடாமல், தாயின் மடியில் அமர்ந்தவாறே அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே அனுப்புதல் வேண்டும். அங்கு முதலில் குழாய் செலுத்தியோ, தேவைப்படின் கழுத்தில் துளையிட்டோ மூச்சுக்கு வழி செய்வர். செஃப்ட்ரியாக்ஸோன் போன்ற மருந்துகள் கிருமியை ஒழிக்கும்.

மூச்சுக்கு முதலிடம் தருவதன் இன்றியமையாமையை ஒரு வரலாற்று நிகழ்ச்சியும் உணர்த்தும். அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவராயிருந்த ஜார்ஜ் வாஷிங்டன் 1799 டிசம்பரில் தொண்டை நோயுற்றபோது, பலமுறை இரத்தம் வெளியேற்றப்பட்டது. மூச்சுக்குழலில் துளையிடலாம் என இளையவரான டாக்டர் டிக் கூறியதை மூத்தோர் ஏற்கவில்லை. நோய் முற்றிய அன்றிரவே வாஷிங்டன் காலமானார். அவரை மாய்த்தது இந்நோயே எனப் பிற்கால மருத்துவர் பலர் கருதுகின்றனர்.

ஆகவே, ஆசிரியருக்கும் களப்பணியாளருக்கும் நடத்தப்பெறும் பயிற்சியில் இந்நோய்க்கெனக் கால் மணி நேரமேனும் ஒதுக்கப்பட வேண்டும். பிறந்த 6, 10, 14ஆம் வாரங்களில் இடப்பெறும் தடுப்பூசி ஒன்றும் தவறாமற் பார்த்துக்கொள்வதும் அவர்தம் கடமையாகும். நோய் அருகியது தடுப்பூசியால்; தடுப்பூசியில் தளர்ச்சி ஏற்படின் நோய் மீளும்.