யாருக்குத் தெரியாத இடம்?

‘அதிகம் அறியப்படாத இடங்கள்’, ‘குறைந்த செலவில் இமயமலை’ என்னும் இரு சொற்றொடர்களும் பல்கலைக்கழக விடுதிகளில் சேர்ந்தே புழங்குகின்றன. செமஸ்டர் விடுமுறைக்கு முன்பே பட்டியல்கள் கைமாறத் தொடங்கிவிடுகின்றன. அத்தகைய பட்டியலில் ஏறிய ஓர் இடம் என்ன கதிக்கு ஆளாகும் என்பதற்கு உத்தராகண்டின் ரூப்குண்ட் போதிய சான்று. பட்டியலைப் பகிர்வோர் அச்சான்றைப் படித்ததாகத் தெரியவில்லை.

சமோலி மாவட்டத்தில், ஏறத்தாழ 5,000 மீட்டர் உயரத்தில் கிடக்கும் சிறு பனிக்குளம் அது. கரையிலும் நீரிலும் மனித எலும்புகள். 1942இல் வன அலுவலர் ஒருவர் அதைக் ‘கண்டுபிடித்தார்’ என்று கையேடுகள் எழுதுகின்றன. ஆனால் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்ற மரபுக் கணக்கில் நடக்கும் நந்தாதேவி ராஜ் ஜாத் யாத்திரை, வாண் கிராமத்தைக் கடந்து, பேத்னி புல்வெளி ஏறி, அக்குளத்தை ஒட்டியே ஹோம்குண்டுக்குச் செல்கிறது. அப்படியானால் அது யாருக்குத் தெரியாத இடம்? தில்லிக்கும் பெங்களூருக்கும் தெரியாதது எவருக்கும் தெரியாதது என்று கொள்வது காலனிய நில அளவையாளரின் மொழி. பின்காலனியம் குறித்துக் கருத்தரங்கில் கட்டுரை வாசிப்போரே விடுமுறை வந்ததும் அம்மொழிக்குத் திரும்புவதுதான் வியப்பு.

அந்த இடத்தை அறியும் வேட்கையும் மேலோட்டமானதே. கல்மழையில் ஒரே நாளில் மாண்ட கூட்டம் என்ற கதை 2019இல் ஆட்டங்கண்டது. 38 பேரின் எலும்புகளில் நடந்த மரபணு ஆய்வு, தெற்காசிய மரபினர் 23 பேர் ஏறத்தாழ கி.பி. 800ஐ ஒட்டி மாண்டவர்கள் என்றும், கிழக்கு மத்தியதரைக்கடல் மரபினர் 14 பேர் அதற்கு ஆயிரம் ஆண்டு கழித்து மாண்டவர்கள் என்றும் காட்டியது. விளம்பரங்களோ பழைய கதையையே இன்றும் விற்கின்றன. எலும்புகளை நினைவுப்பொருளாகப் பையில் போட்டுச் சென்ற பயணிகளும் உண்டு. ஆய்வாளர் எடுக்க வேண்டிய மாதிரிகள் யார் வீட்டு அலமாரியில் இருக்கின்றனவோ!

குளத்தைவிடப் பெரிய இழப்பு அதன் கீழுள்ள புல்வெளிகளுக்கு நேர்ந்தது. அவற்றை ‘புக்யால்’ என்கிறார்கள். ஆண்டில் பல மாதங்கள் பனிக்கடியில் கிடந்து, எஞ்சிய சில மாதங்களுக்குள் முளைத்துப் பூத்து விதைக்க வேண்டிய புல் அது. சரியாக அம்மாதங்களில்தான் கூடாரங்கள் அதன்மீது அமர்கின்றன. கூடாரத்தைச் சுற்றி வெட்டும் வடிகால் அடுத்த மழையில் ஓடையாகும். கோவேறு கழுதைகளின் தடம் பள்ளமாகும். ஆலி, பேத்னி, பக்ஜி புல்வெளிகளின் பெயரைத் தாங்கிய உள்ளூர்ப் பாதுகாப்புக் குழு ஒன்றே இதை நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றது. 2018 ஆகஸ்டில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் புல்வெளிகளில் இரவு தங்குவதைத் தடைசெய்து, பயணியர் எண்ணிக்கைக்கு 200 என்று வரம்பிட்டது. ரூப்குண்ட் மலையேற்றம் முடங்கியது. வழிகாட்டியும் சமையலாளும் சுமைதூக்கியும் வேலை இழந்தனர். பட்டியல்களுக்கு ஒரு குறையும் வரவில்லை. அடுத்த ‘அறியப்படாத’ சிகரத்தின் பெயர் அதே வரியில் ஏறிக்கொண்டது.

‘அப்படியானால் இமயமலை செல்வந்தருக்கு மட்டுமா?’ என்ற கேள்வி உடனே எழும். நியாயமான கேள்விதான். அத்தீர்ப்பு வந்த மறு ஆண்டே, அதே சமோலி மாவட்டத்தின் அவுலிச் சரிவில் பெருஞ்செல்வர் குடும்பத் திருமண விழா நடந்தது. சூழல் சேதத்துக்கு ஈடாக மூன்று கோடி ரூபாயை முன்கூட்டியே கட்டுமாறு நீதிமன்றம் பணிக்க நேர்ந்தது. பணம் தூய்மையைக் கொண்டுவரும் என்று எவரும் வாதிட வேண்டாம். மாணவரின் வறுமை இங்கே குற்றமன்று. ‘மலிவு’ என்னும் கணக்குத்தான் குற்றம். மலையேற்றக் கட்டணம் பாதியாகும்போது எது குறைகிறது? ரயில் கட்டணம் குறையாது, அரிசி விலை குறையாது. சுமைதூக்கிகளின் எண்ணிக்கை குறைந்து ஒருவர் முதுகில் ஏறும் எடை கூடும். அவருக்கான காப்பீடும் காலணியும் கம்பளியும் விடுபடும். குப்பையைக் கீழிறக்கும் செலவு விடுபடும். விடுபட்ட ஒவ்வொன்றையும் வாணிலும் லோகாஜங்கிலும் உள்ள யாரோ ஒருவர் செலுத்துகிறார். களப்பணி அறம் பற்றிப் படிவம் நிரப்பி ஒப்புதல் வாங்கும் துறைகள், தம் மாணவர் மன்றம் ஏற்பாடு செய்யும் மலையேற்றத்துக்கு ஒரு கேள்வியும் கேட்பதில்லை.

தீர்ப்பு நடப்பதைத் தடைசெய்யவில்லை. புல்லின்மீது உறங்குவதைத்தான் தடைசெய்தது. தீத்னா கிராமத்து வீட்டில் இரவு தங்கி, விடியலில் உள்ளூர் வழிகாட்டியுடன் ஆலி புல்வெளிக்கு ஏறி, மாலையில் அதே வீட்டுக்கு இறங்கலாம். கூடார வாடகையும் கழுதைக் கூலியும் இதில் இல்லை. கொடுக்கும் பணம் கிராமத்திலேயே தங்கும். குளக்கரையில் எடுத்த படம் மட்டும் கிடைக்காது. அதற்காகவே இவ்வழி பட்டியல்களில் இடம்பெறுவதில்லை.

உத்தரகாசி மாவட்டத்துத் தயாரா புல்வெளியில் மண்ணரிப்பைத் தடுக்க வனத்துறை தென்னைநார் விரிப்புகளைப் பரப்பி, பைன் இலைச் சருகால் சிறு தடுப்புகள் கட்ட வேண்டியிருந்தது. அந்த விரிப்புகளை மலைமேல் ஏற்றிய கூலி எந்தப் பயணியின் செலவுக் கணக்கிலும் எழுதப்படவில்லை.