மீனுக்கும் தடுப்பூசி: பண்ணையாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

குளத்தில் மீன் செத்து மிதந்ததும், கடையில் கிடைக்கும் ஆன்டிபயாட்டிக்கை வாங்கித் தீவனத்தில் கலந்து போடுவது பலரின் வழக்கம். நோய் முற்றிய மீன் தீவனமே எடுக்காது. அதனால் மருந்து சேர வேண்டிய மீனுக்குச் சேர்வதில்லை. பணம் போவதோடு, கிருமியும் அந்த மருந்துக்குப் பழகிவிடுகிறது.

இதற்கு மாற்றாகத்தான் தடுப்பூசி பேசப்படுகிறது. மும்பையிலுள்ள மத்திய மீன்வளக் கல்வி நிறுவனமும் இந்தியன் இம்யூனாலஜிக்கல்ஸ் நிறுவனமும் நன்னீர் மீன்களுக்கான இரண்டு தடுப்பூசிகளை உருவாக்கக் கைகோத்துள்ளன. ஒன்று, செவுளையும் துடுப்பையும் அரிக்கும் காலம்னாரிஸ் நோய்க்கு. மற்றொன்று, எட்வர்ட்சியெல்லா என்ற பாக்டீரியாவால் வரும் நோய்க்கு.

எப்படி வேலை செய்கிறது?

நோய்க்கிருமியை ஆய்வகத்தில் வளர்த்து, ஃபார்மலின் போன்றவற்றால் கொன்றுவிடுவார்கள். செத்த கிருமியால் நோய் வராது. ஆனால் மீனின் உடல் அதை அடையாளம் கண்டு எதிர்ப்புச் சக்தியை உருவாக்கிக்கொள்ளும். இதற்குச் சில வாரங்கள் ஆகும். எனவே நோய் வந்த பிறகு போட்டால் பயனில்லை.

நார்வே காட்டும் பாடம்

1987-ல் நார்வேயின் சால்மன் பண்ணைகளில் ஏறக்குறைய 48 டன் ஆன்டிபயாட்டிக் பயன்பட்டது. தடுப்பூசிகள் பரவிய பிறகு, 1990-களின் நடுவில் அது ஓரிரு டன்னாகக் குறைந்தது. அதே காலத்தில் மீன் உற்பத்தி பல மடங்கு உயர்ந்தது.

ஆனால் சால்மன் விலை உயர்ந்த மீன். அங்கே ஒவ்வொன்றுக்கும் ஊசி போட்டாலும் கட்டுப்படியாகும். ஆயிரக்கணக்கில் விடும் ரோகு, கட்லா குஞ்சுகளுக்கு அது இயலாது. குஞ்சுகளைத் தடுப்பு மருந்துக் கரைசலில் முக்கி எடுப்பது எளிது. ஆனால் அந்த முறையில் பாதுகாப்பு ஊசியைவிடக் குறைவு. நம் குளங்களுக்கு வரும் தடுப்பூசி பயன்படுமா என்பது இந்தக் கணக்கைப் பொறுத்ததே.

இப்போது செய்ய வேண்டியவை

• ஒரு கிருமிக்கான தடுப்பூசி இன்னொன்றைத் தடுக்காது. எனவே மீன் சாகும்போது காரணத்தை உறுதி செய்யுங்கள். அழுகிய மீன் ஆய்வுக்கு உதவாது. நோயுற்ற மீனை உயிருடன் மீன்வளத் துறை அல்லது மீன்வளப் பல்கலைக்கழக ஆய்வகத்துக்குக் கொண்டு செல்லுங்கள்.

• எந்த மாதம், எந்த மீன், எத்தனை செத்தது என்று குறித்து வையுங்கள்.

• இருப்படர்த்தியைக் குறையுங்கள். விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் பிளந்தால் ஆக்சிஜன் குறைவு என்று அறியுங்கள்.

• இறாலுக்கு மீனைப் போன்ற நோய் எதிர்ப்பு நினைவு கிடையாது. 'இறால் தடுப்பூசி' என்று யாராவது விற்றால் ஏமாறாதீர்கள்.

தடுப்பூசி வந்தாலும் அது குஞ்சு விடும் முன் செய்யும் வேலை. கெட்ட தண்ணீரை அது சரிசெய்யாது.